மொழுக்கனுக்குக் கண் கிடையாது

ஏற்காடு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, பழக்கடைகளுக்குப் பின்னால் யாஸ்மினின் தையல் கடை இருக்கிறது. ஒரு மிஷின், ஒரு பெஞ்சு, சுவர் முழுக்கத் தொங்கும் பள்ளிச் சீருடைகள். பள்ளி விட்டதும் வாழவந்தி பஸ் வரும்வரை பிள்ளைகள் அந்த பெஞ்சில்தான் கிடப்பார்கள். மழைக்கு ஒதுங்கியவர்களை ஒருநாள் உள்ளே கூப்பிட்டதில் வந்த பழக்கம் அது. சும்மா இருந்தால் நூல்கண்டை உருட்டி விளையாடுகிறார்கள் என்று வெட்டுத் துணிகளை அவர்கள் முன் கொட்டினாள். நாய், யானை, காட்டெருமை என்று ஆளுக்கொரு பொம்மை தைத்துத் தரக் கேட்டார்கள். அதெல்லாம் சலித்த பிறகு மாதேஷ் ஒன்று கேட்டான்.

"ஏங்க்கா, இல்லாத ஊர்ல இருக்கற மிருகத்தத் தெச்சுத் தருவீங்களா?"

"ஊரு எப்படி சாமி?"

"தரை பூரா தோசக்கல்லுங்க்கா. சுடும்."

"அப்ப அது எப்படி நிக்கும்?"

மாதேஷ் தலையைச் சொறிந்தான். "நெறையக் காலு இருக்கும். ரெண்டுதான் கீழ வெக்கும். மத்ததையெல்லாம் தூக்கி ஊதி ஊதி ஆத்திக்கும்."

"ஊதறதுக்கே வாயி சரியாப் போச்சுன்னா, திங்கறது எதுல?"

"ஊதறதுக்குத் தனி வாயிங்க்கா!"

கடையே சிரித்தது. அன்றிலிருந்து அதுவே வழக்கமானது. ஊர் எப்படி, என்ன தின்னும், யாரைக் கண்டால் ஓடும் என்று யாஸ்மின் கேட்பாள். எல்லாவற்றுக்கும் பதில் வந்தால்தான் கத்தரியைத் தொடுவாள். மழை கீழிருந்து மேலே பெய்யும் ஊரில் பாதத்தில் குடை முளைத்த ஆடு வந்தது. எதைச் சொன்னாலும் அவள் "எதுக்கு?" என்பாள். பிள்ளைகளுக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது. பெரியவர்கள் யாரும் அவர்களிடம் அப்படிக் காரணம் கேட்டுவிட்டுப் பொறுமையாகக் காத்திருந்ததில்லை.

யாஸ்மினுக்கு முப்பது தாண்டிவிட்டது. அவளுடைய அத்தா அமீர் ஜான் ஏரிக்கரையில் ஸ்வெட்டரும் குல்லாவும் விற்றவர். அவர் படுத்த படுக்கையானபோது அவளுடைய படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றது. அதனால்தான், ஜாக்கெட் தைக்கக் கொடுக்க வந்த புவனா டீச்சர் அந்தப் பொம்மைகளைப் பார்த்துவிட்டுச் சொன்னதை அவள் மறக்கவே இல்லை.

"இதத்தானுங்க நாங்க தகவமைப்புன்னு பாடம் நடத்தறோம். அறிவியல் கண்காட்சிக்குப் புள்ளைங்க இதையே கொண்டு வரட்டும். நீங்களும் கண்டிப்பா வரணும்."

பள்ளிக்கூடத்துக்குள் அவளை 'நீங்களும்' என்று யாரும் கூப்பிட்டதில்லை.

கவிப்பிரியா வாழவந்திப் பெண். ஏழாம் வகுப்பு. அதிகம் பேசமாட்டாள். எல்லாரும் சொல்லி முடித்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"பனிமூட்டம்ங்க்கா. நம்மூருப் பனியாட்டம் வந்துட்டுப் போறதில்ல. எப்பவும் இருக்கும். கைய நீட்டினா கையே தெரியாது. அங்க இருக்கறது பேரு மொழுக்கன்."

"ஏன் அந்தப் பேரு?"

"மூஞ்சி மொழுக்குன்னு இருக்கும். கண்ணு கிடையாது. ஒண்ணுமே தெரியாத ஊர்ல கண்ணு எதுக்குங்க்கா? ஈரத்துல அழுகித்தான் போகும்."

"அப்ப யாராச்சும் வந்தா?"

"ஒடம்பு பூரா நீளமா முடி. யாராச்சும் நடந்தா பனி நவுருமில்ல? முடி ஆடும். அதுலயே கண்டுபுடிச்சுக்கும்."

யாஸ்மினுக்குப் புல்லரித்தது. பழைய சாம்பல் நிற ஸ்வெட்டர் ஒன்றைப் பிரித்து, இழை இழையாக முடி வைத்து, கண்காட்சிக்கு முந்தின நாள் மொழுக்கனை முடித்தாள். கை வைத்தால் ஆடியது. அவள் செய்தவற்றில் அதுதான் அழகு.

அந்த நேரம் பார்த்து, தைத்த சுடிதாரை வாங்க சுஜாதா வந்தாள். லாட்ஜில் ரிசப்ஷனில் இருப்பவள்.

"ஏனுங்க யாஸ்மின், இதென்ன, மூஞ்சியே இல்லாம? பாதியில விட்டுட்டீங்களா? கொழந்தைங்க பாத்தா பயந்துக்கும்."

சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போய்விட்டாள். யாஸ்மினுக்கு அந்தப் 'பாதியில' என்ற சொல் உறுத்தியது. நாளைக்குப் பள்ளியில் எல்லாரும் பார்ப்பார்கள். யாஸ்மின் தைத்தது அரைகுறை என்பார்கள். லாட்ஜ் சீருடைக்கு வைத்திருந்த பொன்னிறப் பொத்தான்களில் இரண்டை எடுத்து, கெட்டி நூலால் இறுக்கித் தைத்தாள். மொழுக்கன் பளபளவென்று அவளைப் பார்த்தது. போட்டோ எடுத்து ஸ்டேட்டஸில் போட்டாள். நிறையப் பேர் இதயம் அனுப்பினார்கள்.

'எதுக்கு' என்று அவள் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

காலையில் கவிப்பிரியா ஓட்டமும் நடையுமாக வந்து மொழுக்கன் இருந்த பையை வாங்கிக்கொண்டாள். "அங்க போயிப் பிரிச்சுப் பாரு கண்ணு, அசந்து போயிருவ" என்று அனுப்பினாள் யாஸ்மின்.

பெருநாளுக்கு எடுத்த துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு அவளும் போனாள். புவனா டீச்சர், சேலத்திலிருந்து வந்திருந்த நடுவரிடம், "இவங்கதான் சார், எல்லாத்தையும் தெச்சுக் குடுத்தவங்க" என்று அறிமுகம் செய்தார். நடுவர் கை கூப்பினார். யாஸ்மினுக்குக் கால் தரையில் பாவவில்லை.

கவிப்பிரியாவின் மேசைக்கு வந்தார்கள். அவள் மொழுக்கனை நெஞ்சோடு பிடித்திருந்தாள். இரண்டு கட்டைவிரல்களும் அதன் முகத்தின் மேல் அழுந்தியிருந்தன. மனப்பாடம் செய்ததைச் சொல்வதுபோல் இல்லாமல், பனியையும் ஈரத்தையும் முடியையும் பற்றி நன்றாகச் சொன்னாள். விரல்கள் மட்டும் நகரவில்லை.

"நல்லா சொன்ன. கைய எடும்மா, மூஞ்சியப் பாக்கலாம்."

"மூஞ்சி இல்லைங்க சார்."

"அப்ப கைக்கடியில என்ன?"

அவள் இன்னும் அழுத்திப் பிடித்தாள். பின்னாலிருந்து ஒருவன், "திருஷ்டி பட்டுரும்னு மூடி வெச்சிருக்கா சார்" என்றான். சிரிப்பு எழுந்தது. நடுவர் மெதுவாக அவள் விரலை விலக்கினார். பொத்தான்கள் மின்னின.

"கண்ணே கிடையாதுன்ன. இது யாரு வெச்சது?"

கவிப்பிரியா தலையை நிமிர்த்தி யாஸ்மினைப் பார்த்தாள். கோபம் இல்லை. சொல்லிவிடுங்கள் என்ற பார்வை, அவ்வளவுதான். நான் வைத்தேன் என்று சொல்ல ஒரு நொடி போதும். ஆனால் நடுவர் இப்போதுதான் கை கூப்பியிருந்தார். யாஸ்மின் குனிந்து துப்பட்டாவின் ஓரத்தைச் சரிசெய்தாள்.

"நாந்தான் சார்" என்றாள் கவிப்பிரியா. "தெரியாம வெச்சுட்டேன்."

"சொல்றதும் செய்யறதும் ஒத்துப்போகணும்மா" என்றுவிட்டு நடுவர் அடுத்த மேசைக்குப் போனார். பரிசு மாதேஷின் தோசைக்கல் மிருகத்துக்குக் கிடைத்தது. யாஸ்மினுக்குச் சால்வை போர்த்தினார்கள். போர்த்திய இடம் எரிந்தது.

சாயங்காலம் தூறல். பிள்ளைகள் பெஞ்சுக்கு வந்தார்கள். கவிப்பிரியா வரவில்லை. எதிரே பஸ் ஸ்டாண்டில் பையோடு நின்றிருந்தாள். சற்றுத் தள்ளி, சேலம் பஸ்ஸுக்காகப் புவனா டீச்சரும் நின்றிருந்தார்.

யாஸ்மின் கத்தரியை எடுத்துக்கொண்டு நனைந்தபடியே போனாள். முதலில் கவிப்பிரியாவிடம் போகத்தான் கால் நகர்ந்தது. அது சுலபம் என்று தெரிந்ததால் டீச்சரிடம் போனாள்.

"டீச்சர், அந்தக் கண்ண வெச்சது நானுங்க. கவிப்பிரியா வெக்கல. அவ வேண்டாம்னுதான் சொல்லியிருந்தா." பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குக் குரல் ஏறிவிட்டது. "அங்க கேட்டப்ப நான் வாயத் தொறக்கல."

புவனா டீச்சர் சங்கடத்தோடு சிரித்தார். "அட, இதுக்குப் போயி இப்படி நனைஞ்சுட்டு வந்தீங்களா? பரிசெல்லாம் குடுத்து முடிச்சாச்சுங்களே. சின்ன விசயந்தான், விடுங்க." சேலம் பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டார்.

திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது யாஸ்மினுக்கு. கவிப்பிரியா பக்கம் திரும்பினாள்.

"குடு கண்ணு. பிரிச்சுத் தர்றேன்."

"வேணாங்க்கா. கத்திரி குடுங்க."

அவளே வெட்டினாள். நூல் கெட்டி. பொத்தான்களை இழுத்தபோது துணியும் கொஞ்சம் கிழிந்து, முகத்தில் இரண்டு ஓட்டைகள் விழுந்தன. பொத்தான்களை யாஸ்மின் கையில் வைத்தாள்.

"அங்கயே சொல்லியிருக்கலாமில்லீங்க்கா" என்றாள். அவ்வளவுதான். வாழவந்தி பஸ் வந்தது.

ஸ்டேட்டஸை யாஸ்மின் அழித்தாள். அந்தப் பொத்தான்களை லாட்ஜ் சட்டையிலேயே தைத்துக் கொடுத்தாள். இப்போது சுஜாதாவோடு வேலை செய்யும் யாரோ ஒருவர் அதைப் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் நடக்கிறார். அந்தப் பொன்னிறம் கண்ணில் பட்டால் யாஸ்மின் மிஷின் பக்கம் குனிந்துகொள்கிறாள்.

கவிப்பிரியா ஒரு வாரம் கழித்துக் கடைக்கு வந்தாள். எல்லாரோடும் பெஞ்சில் உட்கார்ந்து, யாஸ்மின் மாதேஷிடம் கேட்டுக்கொண்டிருந்ததைக் கவனித்தாள். யாஸ்மினின் வழக்கமான கேள்விகளோடு இப்போது ஒன்று கூடியிருக்கிறது: "இதுக்கு எது இருக்கவே கூடாது, சாமி?"

கவிப்பிரியா குனிந்து வெட்டுத் துணியில் ஒன்றைப் பொறுக்கினாள். ஊர் எது என்று சொல்லவும் இல்லை, தைத்துத் தரச் சொல்லவும் இல்லை.

"ஊசி மட்டும் குடுங்க்கா."

யாஸ்மின் நூலை எடுத்துக் கோக்கப் போனாள்.

"நானே கோத்துக்கறேங்க்கா" என்று கையை நீட்டினாள் கவிப்பிரியா. யாஸ்மின் வெறும் ஊசியைக் கொடுத்தாள்.