எரிந்த பள்ளியின் மார்க் லிஸ்ட்

நைஜீரியாவில் சண்டை முடிந்துவிட்டது என்று பத்திரிகையில் செய்தி வந்த அன்று காலை, எங்கள் வீட்டு உரிமையாளர் வாசலில் வந்து நின்று, "டீச்சரே, உங்க ஆள்காரு தோத்தாச்சு, கேட்டீங்களா?" என்றார். திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் மொத்த ஜவுளி வியாபாரம் செய்தவர். இரண்டரை வருடமாக அந்தச் சண்டையை அவர் ஃபுட்பால் ஸ்கோர் விசாரிப்பதுபோலத்தான் என்னிடம் விசாரித்துக்கொண்டிருந்தார். யார் எந்த ஊரைப் பிடித்தார்கள், யாருக்கு யார் ஆயுதம் கொடுத்தார்கள் எல்லாம் அவருக்கு அத்துப்படி. அந்த ஊர்களில் மூன்று வருடம் வாழ்ந்த எனக்கு ஒன்றும் தெரியாது. "கேட்டேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே வந்தேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது.

1964இல் கல்யாணமான கையோடு நானும் என் கணவரும் கிழக்கு நைஜீரியாவுக்கு ஆசிரியர்களாகப் போனோம். ஆற்றங்கரை ஊர் ஒன்றில் பெண்களுக்கான மிஷன் பள்ளி. அவர் வேதியியல், நான் கணக்கு. நான் வகுப்பு ஆசிரியையாகவும் இருந்ததால் என் பிள்ளைகளின் எல்லாப் பாட மதிப்பெண்களையும் பள்ளி ரிஜிஸ்டரில் ஏற்றுவது என் வேலை. ஒருமுறை ஆபீஸ் கூரை ஒழுகி ரிஜிஸ்டர் நனைந்து, ஒரு டேர்ம் முழுவதையும் திரும்ப எழுத வேண்டியதாயிற்று. அந்த எரிச்சலில், அதற்குப் பிறகு எல்லாவற்றையும் என் சொந்த நோட்டுகளில் இன்னொரு பிரதி எழுதி வைத்துக்கொண்டேன். மூன்று நோட்டுகள்.

1967இல் வெளிநாட்டவர்கள் கிளம்ப வேண்டும் என்று சொன்னபோது ஆளுக்கு ஒரு பெட்டி என்றார்கள். என் பெட்டியில் நோட்டுகளை வைத்தேன். இடம் போதாமல் பிரஷர் குக்கரை வெளியே எடுத்து வைத்தேன். அதற்காக என் கணவர் கப்பலில் பேசினார், பம்பாயில் பேசினார், திருவனந்தபுரத்தில் அரிசி குழைந்த ஒவ்வொரு நாளும் பேசினார். "பள்ளிக்கூடத்து நோட்ட வச்சு என்ன செய்யப்போற? வேக வைக்கவா?"

பிறகு நாங்கள் இருந்த கிழக்குப் பகுதி தனி நாடாகப் பிரிய, சண்டை மூண்டது. நான் எழுதிய கடிதங்கள் தபால் போக்குவரத்து இல்லை என்ற முத்திரையோடு திரும்பி வந்தன. பத்திரிகைகளில் வயிறு வீங்கி, முடி செம்பட்டை பாய்ந்த குழந்தைகளின் படங்கள் வந்தன. அவற்றில் தெரிந்த முகம் இருக்கிறதா என்று பார்ப்பேன். பார்க்க வருபவர்கள், "அவங்க மனுஷனத் தின்னுவாங்களாமே?" என்று என் வீட்டுக் காப்பியைக் குடித்துக்கொண்டே கேட்பார்கள். முதலில் பொறுமையாகப் பதில் சொன்னேன். பிறகு சொல்வதை நிறுத்தினேன். பிறகு சிலருக்குக் காப்பி கொடுப்பதையும் நிறுத்தினேன்.

சண்டை முடிந்து மூன்று மாதம் கழித்து ஒரு ஏரோகிராம் வந்தது. என்னோடு ஆங்கிலம் கற்பித்த அந்த ஊர்ப் பெண்மணி எழுதியிருந்தார். இப்போது அவர்தான் தலைமையாசிரியை. பள்ளியில் முதலில் ஒரு பக்கத்துச் சிப்பாய்கள் தங்கினார்கள், பிறகு அது ஆஸ்பத்திரி ஆயிற்று, பிறகு அடுத்த பக்கத்துச் சிப்பாய்கள் வந்தார்கள், இடையில் ஆபீஸ் எரிந்தது என்று நான்கு வரியில் முடித்துவிட்டு விஷயத்துக்கு வந்திருந்தார். படிப்பைப் பாதியில் விட்ட பெண்கள் திரும்பி வருகிறார்கள். எந்த வகுப்புவரை படித்தார்கள் என்பதற்குக் கையில் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. எந்தக் கல்லூரியும், எந்த ஆபீஸும் வாய்வார்த்தையை நம்புவதில்லை. 'உனக்கு யாருடைய மார்க்காவது நினைவிருக்கிறதா? நினைவில்லாத இடத்தில் கொஞ்சம் தாராளமாக இரு.'

நினைவு எதற்கு? பரண்மேல் மூன்று நோட்டுகள் இருந்தன. அன்று என் கணவர் குக்கரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

இரண்டு வகுப்புப் பெண்கள், எண்பத்து மூன்று பேர். இங்கே நான் வேலை பார்த்த பள்ளி விட்டு வந்ததும் உட்கார்ந்து எழுதுவேன். பெயர் எழுதும்போது முகம் வரும். இவள் இருக்கிறாளா இல்லையா என்று தெரியாமலே அவளுடைய பூகோள மார்க்கை எழுத வேண்டும். நாலாவது நாள் ஒரு பெயரில் வந்து நின்றேன். எல்லாப் பாடத்திலும் தேர்ச்சி, கணக்கில் மட்டும் இருபத்தெட்டு. நான் போட்ட மார்க். பின்னக் கணக்கு என்றாலே அவள் தலையைக் குனிந்துகொள்வாள். தேர்ச்சிக்கு நாற்பது வேண்டும்.

என் கணவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "நாப்பதுன்னு போட்டுரு."

"இருபத்தெட்டுதான வாங்கினா?"

"ரிஜிஸ்டரு எரிஞ்சு போச்சு. பள்ளிக்கூடம் எரிஞ்சு போச்சு. ஒரு நாடே எரிஞ்சிருக்கு. உன் இருபத்தெட்டு மட்டும் எரியக் கூடாதாக்கும்?"

"ஒண்ண மாத்தினா மத்த எண்பத்திரண்டையும் எவன் நம்புவான்? நீங்க சொல்லுங்க."

நான் இருபத்தெட்டு என்றே எழுதினேன். அப்போது அது சரி என்றுதான் நினைத்தேன்.

தம்பானூரில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் கொடுத்து டைப் அடித்து வாங்கினேன். அடித்த பெண் அந்தப் பெயர்களையெல்லாம் தனக்குத் தெரிந்த மலையாளப் பெயர்களாக்கி வைத்திருந்தாள். திரும்ப அடிக்க வைத்தேன். அடுத்து, அரசு முத்திரையோடு ஒரு அதிகாரி கையெழுத்துப் போட்டால்தான் அங்கே செல்லும் என்று தலைமையாசிரியை எழுதியிருந்தார். அதற்காக ஓர் அரசு அலுவலகத்துக்குப் போனேன். அரை நாள் லீவு, கிழக்கேகோட்டையில் பஸ்ஸுக்குக் காத்திருப்பு, மழை.

அதிகாரி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பட்டியலைப் பார்த்தார். "ஒறிஜினல் எவிடெ?"

"எரிஞ்சு போச்சு சார்."

"பின்னெ இது ஏதிண்டெ காப்பியாணு?"

"என் நோட்டோட காப்பி." நோட்டுகளை மேஜைமேல் வைத்தேன்.

"நோட்டு ஒறிஜினல் அல்லல்லோ டீச்சரே. ஒறிஜினல் எரிஞ்சு போயி எந்நு ஸ்கூலிண்டெ ஒரு லெட்டர் கொண்டுவரூ."

இரண்டு மாதம் கழித்து, எழுதி வரவழைத்த தலைமையாசிரியையின் கடிதத்தைக் கொண்டுபோனேன். அதில் லெட்டர்ஹெட் இல்லை என்றார். லெட்டர்ஹெட்டும் ஆபீஸோடு எரிந்துவிட்டது என்றேன். எரிந்ததற்கு ரிக்கார்ட் உண்டா என்றார். எனக்கு அந்த அறையில் உட்கார்ந்து வாய்விட்டு அழ வேண்டும்போல் இருந்தது. ஆனால் அழுதால் அதற்கும் ஒரு விண்ணப்பம் கேட்பார் என்று தோன்றியதால் எழுந்து வந்துவிட்டேன்.

வீட்டில் என் கணவர், "அவரு சட்டப்படி கேக்காரு. நீயும் இப்படித்தான இருபத்தெட்டப் பிடிச்சிக்கிட்டு நின்ன?" என்றார்.

மூன்றாவது தடவை போனபோது அதிகாரி லெட்டர்ஹெட்டை விட்டுவிட்டு ஒரு புதுக் குறையைக் கண்டுபிடித்து வைத்திருந்தார். என் பழைய நோட்டின் அட்டையில் பள்ளி முத்திரை இருந்தது, அதில் ஒரு மாகாணத்தின் பெயர். கடிதத்தில் வேறொரு மாநிலத்தின் பெயர். சண்டைக்குச் சற்று முன்பு அரசாங்கம் அந்த மாகாணத்தைப் பிரித்துவிட்டது. நடுவில் இரண்டரை வருடம் அந்த மண்ணுக்குத் தனி நாடு என்று இன்னொரு பெயரும் இருந்தது. நல்லவேளை, அதை யாரும் எங்கேயும் எழுதியிருக்கவில்லை.

"இது ரெண்டும் ரெண்டு ஸ்தலமல்லே?"

எனக்குப் பொறுமை போய்விட்டது. "சார், நீங்க எங்க பொறந்தீங்க?"

"இவிடெ. கரமனயில்."

"நீங்க பொறக்கும்போது இது திருவிதாங்கூர். பெறகு திருக்கொச்சி. இப்போ கேரளம். நீங்க மூணு ஸ்தலத்துல இருந்தீங்களா, ஒரே வீட்டுல இருந்தீங்களா?"

அவர் என்னைப் பார்த்தார். அடுத்த மேஜை கிளார்க் எழுதுவதை நிறுத்திவிட்டான். அதிகாரி பேனாவைத் திறந்து ஏழு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டு, முத்திரையைத் தானே குத்தினார். "வீடு ஒந்நு தன்னெ" என்றார் கடைசியில், வீடு ஒன்றேதான் என்று தனக்குத்தானே சொல்வதுபோல.

அப்பாடா என்று ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பினேன். நாலு மாதம் கழித்துப் பதில் வந்தது. நன்றி சொல்லி அரைப் பக்கம். பட்டியலில் பதினொரு பெயர்களுக்குப் பக்கத்தில் சிலுவைக்குறி போட்டுக்கொண்டதாக எழுதியிருந்தார். மீதிப் பெண்களில் பலருக்கு இடம் கிடைத்துவிட்டது. அடுத்த அரைப் பக்கம் முழுக்கக் கோபம்.

அந்த இருபத்தெட்டு மார்க் பெண் நர்ஸ் பயிற்சிக்கு விண்ணப்பித்திருந்தாள். கணக்கில் தேர்ச்சி இல்லை என்று தள்ளிவிட்டார்கள். 'நீ அனுப்பியது உண்மைதான்' என்று எழுதியிருந்தார் தலைமையாசிரியை. 'இன்னொரு உண்மையும் கேள். பள்ளி வராந்தாவில் பட்டினிக் குழந்தைகளுக்குக் கஞ்சி ஊற்றும் இடத்தை ஒன்றரை வருடம் அவள்தான் நடத்தினாள். ஒரு மூட்டைப் பால்பொடி வரும். குழந்தைகள் இருநூறா முன்னூறா என்பது காலையில்தான் தெரியும். யாருக்கு அரைக் குவளை, யாருக்குக் கால் குவளை என்று அவள்தான் பிரித்தாள். ஒரு நாளும் கடைசிக் குழந்தைக்கு இல்லாமல் போனதில்லை. அதற்கு நீ எத்தனை மார்க் போடுவாய்?'

கடிதத்தை என் கணவரிடம் கொடுத்தேன். படித்துவிட்டு மடித்து வைத்தார். நான் சொன்னேனே என்று சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லியிருந்தால் சண்டை போட்டு மனசை ஆற்றிக்கொண்டிருப்பேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு தான் பாடம் எடுத்துக்கொண்டிருந்த டூட்டோரியலுக்குக் கிளம்பிவிட்டார்.

இரண்டு நாள் எரிச்சலோடு அலைந்தேன். யார்மேல் என்று தெரியவில்லை. மார்க்கை மாற்றச் சொல்லாமல் சொன்ன தலைமையாசிரியை மேலா, அந்தப் பயிற்சிப் பள்ளி மேலா, பின்னக் கணக்கைப் புரியும்படி சொல்லிக்கொடுக்காத என்மேலா? சண்டை போட்டவர்கள் எல்லாம் கை குலுக்கிக்கொண்டு ஆபீஸ்களில் போய் உட்கார்ந்துவிட்டார்கள். கஞ்சி ஊற்றியவள் சர்டிபிகேட் கேட்டு நிற்கிறாள். அவளைத் தடுத்து நிறுத்துவது ஆயிரக்கணக்கான மைலுக்கு இப்பால் இருக்கும் என் பேனா.

மூன்றாம் நாள் அந்த நர்ஸ் பயிற்சிப் பள்ளிக்கு ஒரு கடிதம் எழுதினேன். இருபத்தெட்டு சரி, அதை மாற்ற மாட்டேன் என்று தொடங்கினேன். அந்தத் தேர்வுக்குப் பிறகு இந்தப் பெண் செய்த கணக்கை எந்தக் கேள்வித்தாளும் கேட்டதில்லை, இவளுக்கு இன்னொரு வாய்ப்புக் கொடுக்காவிட்டால் நஷ்டம் உங்கள் வார்டுக்குத்தான் என்று முடித்தேன். அதையும் அட்டெஸ்ட் செய்ய அதே அதிகாரியிடம் கொண்டுபோனேன். நோட்டுகள், கடிதங்கள், கப்பல் டிக்கெட்டின் அடிக்கட்டை எல்லாம் பையில் இருந்தன.

அவர் படிக்கவே இல்லை. "அந்த நைஜீரியா கேஸல்லே?" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டு நீட்டினார். ரெண்டு நிமிஷம். நான் என் கையால் எழுதிய எண்பத்து மூன்று பேர் மார்க்குக்கு மூன்று தடவை நடக்க விட்டவர், நான் கண்ணால் பார்க்காத ஒன்றைப் பற்றி எழுதியதற்கு ஒரு கேள்வி கேட்கவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, படியில் நின்று தலையில் அடித்துக்கொண்டேன்.

ஆறு மாதத்துக்குள் கணக்குப் பரீட்சையில் தேற வேண்டும் என்ற நிபந்தனையோடு அவளைச் சேர்த்துக்கொண்டார்கள். முதல் தடவை தோற்றாள். நான் பள்ளியில் அன்றைக்கு எல்லோரிடமும் எரிந்து விழுந்தேன். இரண்டாவது தடவை தேறினாள் என்று தலைமையாசிரியை ஒரு போஸ்ட் கார்டில் இரண்டு வரி எழுதினார். பிள்ளைகளைச் சிப்பாய்கள் விட்டுப்போன காலித் துப்பாக்கிக் குண்டுப் பெட்டிகள்மேல் உட்கார வைத்து வகுப்பு நடத்துவதாகவும், கூரைக்கு இன்னும் தகரம் வரவில்லை என்றும் அதிலேயே இருந்தது. நான் திரும்பி வருவேனா என்று கேட்டிருந்தார். அப்போது எனக்கு இரண்டு குழந்தைகள். வர முடியாது என்று எழுதுவதற்கு ஒரு மாதம் எடுத்துக்கொண்டேன்.

எழுபதுகளின் பின்பாதியில் நைஜீரியா போக நம் ஊரில் பெரிய தள்ளுமுள்ளு. அங்கே புதுப் பள்ளிகளைத் திறந்துகொண்டே போனார்கள், ஆசிரியர்கள் வேண்டியிருந்தது. மனிதனைத் தின்பார்களாமே என்று கேட்ட அதே ஆட்கள், தங்கள் மருமகனுக்கு அங்கே வேலை கிடைக்குமா என்று என்னிடம் சிபாரிசுக்கு வந்தார்கள். அப்படிப் போன இளம் ஆசிரியர் ஒருவர் இரண்டு வருடம் கழித்து லீவில் வந்தபோது எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். அவருடைய குழந்தைக்கு அங்கே மலேரியா வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார். குழந்தைகள் வார்டின் பொறுப்பு நர்ஸ், அந்த மிஷன் பள்ளியில் படித்தவள். பெயரைச் சொன்னார். அவள்தான்.

"நான் உங்களப் பத்திச் சொன்னேன் டீச்சர்."

"என்ன சொன்னா?"

"'அந்தக் கணக்கு டீச்சரா?'ன்னு கேட்டாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் மருந்து ட்ராலியத் தள்ளிக்கிட்டு அடுத்த கட்டிலுக்குப் போயிட்டாங்க."

"வேற ஒண்ணும் சொல்லலியா? சிரிச்சாளா? கோவமா இருந்தாளா?"

அவர் யோசித்துப் பார்த்து, தெரியவில்லை என்றார். நான் மறுபடியும் கேட்டேன். என் கணவர் ரசத்தை அவர் பக்கம் நகர்த்திவிட்டு, "அவரச் சாப்பிட விடு" என்றார்.