லின் ஆன்ட்டியின் தலை

பயத்தில்தான் இதை எழுதுகிறேன்.

பக்கத்து வீட்டு லின் ஆன்ட்டிக்கு நாளைக் காலை சிட்டிசன்ஷிப் இன்டர்வியூ. எங்கள் அமெரிக்க ஊரான சான் ரமோன் முழுக்க வேறு ஆளே கிடைக்காததுபோல், அவருக்கு இங்கிலீஷ் வாத்தியார் நான்.

ஒரு வாரமாக 'ஸ்வேர்' என்ற ஒரே வினைச்சொல்லோடு மல்லுக்கட்டினோம். அவருடைய சீன மொழிபெயர்ப்பு ஆப், கெட்ட வார்த்தையில் திட்டுவது என்ற பொருளை மட்டும் காட்டியிருக்கிறது. "ஆபீசரையா திட்டணும்?" என்று அரண்டுபோனார். சத்தியம் செய்வதும் அதே சொல்தான் என்று கையை உயர்த்தி நடித்தே காட்டினேன்.

இன்று கடைசி ஒத்திகை. நான் ஆபீசர். உண்மையே பேசுவதாக ஸ்வேர் பண்ணுவீர்களா என்று கேட்டேன்.

"யெஸ், ஐ ஸ்வேர்!"

கணீரென்று சொன்னார். கூடவே தலையை இடமும் வலமுமாக அழகாக ஆட்டினார். அச்சு அசல் என் தலையாட்டல். அமெரிக்க ஆபீசர் கண்ணுக்கு அது 'மாட்டவே மாட்டேன்'!

"தலைய ஆட்டாதீங்க ஆன்ட்டி."

"ஓகே, ஓகே" என்று அதற்கும் ஆட்டினார்.

என் மனைவி சமையலறையிலிருந்து, "அவங்க மட்டும் ஃபெயில் ஆகட்டும், நாம வீட்ட காலி பண்ணிட்டு டெக்ஸாஸ் போக வேண்டியதுதான்" என்றாள்.

தலையை ஆட்டாமல் 'ஆமாம்' சொல்லத் தெரிந்த தமிழர் யாராவது பக்கத்தில் இருந்தால், இன்று இரவுக்குள் வரவும். காபி தருகிறோம்.