என் தலையின் குறுக்குவெட்டு

ஐந்தாம் வகுப்பு படித்த வருஷம் எனக்கு வாரத்துக்கு இரண்டு தடவையாவது தலை வலித்தது. வலது பொட்டில் ஆரம்பித்து, கண்ணுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்ளும். வெளிச்சம் ஆகாது, தாளிக்கிற வாசனை ஆகாது. வாந்தி எடுத்துவிட்டுத் தூங்கி எழுந்தால் வந்த சுவடே இருக்காது. பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடப் பார்க்கிறேன் என்று முதலில் நினைத்தார்கள். முழுப்பரீட்சை லீவிலும் வலித்தபோது அந்தச் சந்தேகம் தீர்ந்தது. கண்ணாடிக் கடையில் சோதித்துப் பார்த்தார்கள். கண் நன்றாக இருந்தது. அத்தை வந்து மிளகாய் சுற்றிப் போட்டார். அந்த நெடியில் அன்றைக்கும் வலித்தது.

கடைசியாகக் குழந்தைகளைப் பார்க்கும் ஒரு டாக்டரம்மாவிடம் போனோம். அவர் என்னை ஒரே கோட்டில் நடக்கச் சொன்னார், மூக்கைத் தொடச் சொன்னார், சிறிய சுத்தியலால் முட்டியைத் தட்டினார். எல்லாவற்றிலும் நான் தேறிவிட்டேன். ஆனால் ஒருநாள் விடியற்காலையில் வலியே என்னை எழுப்பிவிட்டது என்று அம்மா சொன்னதும், எதற்கும் ஒரு எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடலாம் என்று எழுதிக் கொடுத்தார்.

கணபதி என்கிற பட்டறைப் பகுதியில் எங்கள் வீட்டின் முன்பக்கம் அப்பாவின் லேத் பட்டறை, பின்பக்கம் நாங்கள். மோட்டார் பம்புக்கான ஷாஃப்ட்டுகளை அப்பா கடைந்து கொடுப்பார். இரும்பைப் பற்றி அவருக்குத் தெரியாதது இல்லை என்று நான் நம்பியிருந்தேன். அதனால் ஸ்கேன் அறை வாசலில் அவரைத் தடுத்து நிறுத்தியபோது எனக்கு ஆச்சரியமாகிவிட்டது. அங்கே இருந்தவர் கேட்ட கேள்வி ஒன்றுதான்: கண்ணில் எப்போதாவது இரும்புத்தூள் விழுந்திருக்கிறதா? விழாத மாசம் எது என்றார் அப்பா. உள்ளே இருப்பது பெரிய காந்தம், கண்ணுக்குள் துளி தங்கியிருந்தாலும் ஆபத்து, நீங்கள் வெளியே இருங்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

ஆகவே அம்மா உள்ளே வந்தார். வளையல், மெட்டி, தாலிக்கொடி, புடவையில் குத்தியிருந்த ஊக்கு எல்லாவற்றையும் கழற்றி அப்பாவின் உள்ளங்கையில் வைத்தார். அவற்றை என்ன செய்வதென்று தெரியாமல் கையை நீட்டியபடியே அவர் நின்றது நினைவிருக்கிறது.

என்னைப் படுக்கவைத்து, தலைக்கு மேல் கூண்டு போல ஒன்றை மாட்டினார்கள். எனக்குப் பயமே இல்லை. கேட்க வேண்டியது ஒன்று இருந்தது.

"அங்கிள், நான் நினைக்கறதெல்லாம் படத்துல தெரியுமா?"

"அதெல்லாம் தெரியாது பாப்பா. ஆடினா மட்டும் தெரியும்."

ஆடவே இல்லை. இயந்திரம் டக் டக் என்று தட்டியது, பிறகு துளை போடுவது போல அலறியது, பிறகு தறி ஓடுவது போல ஓடியது. ஒவ்வொரு சத்தமும் எங்கள் தெருவில் எந்தப் பட்டறையில் கேட்கும் என்று யோசித்துக்கொண்டே கிடந்தேன். அம்மா என் பாதத்தைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். வெளியே வந்ததும் அவர் முகம் வெளுத்திருந்தது. நேராகக் கழிப்பறைக்குப் போய் வாந்தி எடுத்தார். பெரியவர்கள் இவ்வளவு பயப்படுவார்களா என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

அது சனிக்கிழமை. டாக்டரம்மா இனித் திங்கட்கிழமைதான் வருவார். படமும் ரிப்போர்ட்டும் சாயங்காலமே கைக்கு வந்துவிட்டன. அப்பா படத்தைப் பட்டறையின் ட்யூப் லைட்டுக்கு முன்னால் பிடித்தார். வெங்காயத்தை வட்டம் வட்டமாக அரிந்து அடுக்கியது போல வரிசை வரிசையாக என் தலை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. வகுப்பில் வேறு யாரும் தங்கள் மூளையைப் பார்த்தவர்கள் கிடையாது.

"செக்‌ஷன் கட் பண்ணிக் காட்டியிருக்குது கண்ணு" என்றார் அப்பா. தினமும் பம்பு வரைபடம் பார்க்கிற கண்ணல்லவா? இது மேலிருந்து வெட்டியது, இது பக்கவாட்டில் வெட்டியது என்று சரியாகச் சொன்னார். அப்புறம் ஒரு வட்டத்தில் அவர் விரல் நின்றது. இடது ஓரத்தில் அவரைக்கொட்டை போல ஒரு வெள்ளைப் பொட்டு. வலது ஓரத்தில் அது இல்லை. கடைந்த வேலையில் ஒரு பக்கம் இருப்பது மறுபக்கம் இல்லையென்றால் எங்கேயோ தப்பு என்பது அவர் படிப்பு.

ரிப்போர்ட் முழுக்க ஆங்கிலம். வீட்டில் ஆங்கில மீடியம் படித்தவள் நான் ஒருத்திதான். ஆகவே என் தலைக்குள் என்ன இருக்கிறது என்பதை அப்பா அம்மாவுக்கு நானே வாசித்துச் சொல்லும்படி ஆயிற்று. பாதி வார்த்தைகளை எழுத்துக்கூட்டித்தான் படித்தேன். 'சிஸ்ட்' என்று ஒரு சொல் வந்தது. அப்பா நிறுத்தச் சொன்னார்.

"அதை இன்னொருக்கா படி கண்ணு."

படித்தேன்.

"சிஸ்ட்னா கட்டிங்களா?" என்று அம்மா கேட்டார். அப்பா அளவு பார்க்கும் வெர்னியரை எடுத்து, துணியால் துடைத்து, படத்தின் ஓரத்தில் அச்சாகியிருந்த அளவுகோலோடு அந்தப் பொட்டை ஒப்பிட்டு அளந்தார். மூன்று தடவை அளந்தார். வேலைக் குறிப்பெழுதும் காகிதத்தில் 'பதிமூணு மில்லி' என்று எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை அவர் பட்டறையைத் திறக்கவில்லை. என்னை உக்கடம் பெரியகுளக் கரைக்குக் கூட்டிப்போனார். நான் கேட்ட ஐஸ்கிரீம், கேட்காத பஞ்சுமிட்டாய் இரண்டும் கிடைத்தன. நாரைகளைப் பார்த்துக்கொண்டே கேள்விகளாகக் கேட்டேன். அந்தக் கட்டி வளருமா? தொட்டால் மெத்தென்று இருக்குமா? வெளியே எடுத்தால் எனக்கே கொடுத்துவிடுவார்களா? அப்பா ஒவ்வொன்றுக்கும் "டாக்டரம்மாகிட்டக் கேப்போம் கண்ணு" என்றார். இத்தனை கேள்வி கேட்டும் அவர் ஒருதடவைகூட எரிந்து விழாதது எனக்கு அன்றைய தினத்தின் பெரிய லாபமாகத் தோன்றியது.

திங்கட்கிழமை டாக்டரம்மா படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டுவதற்குள் அப்பா காகிதத்தை எடுத்துவிட்டார்.

"பதிமூணு மில்லி இருக்குதுங்க. எவ்வளவு வரைக்கும் அப்படியே உடலாமுங்க?"

"அளந்துட்டே வந்துட்டீங்களா?" டாக்டரம்மா சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை என்பதைப் பார்த்ததும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு நிதானமாகச் சொன்னார். அது கெட்ட கட்டி இல்லை. மூளையைச் சுற்றியிருக்கும் உறையில் கொஞ்சம் தண்ணீர் தேங்கியிருக்கிறது, பிறக்கும்போதே இருந்திருக்கும். உடம்பில் மச்சம் இருப்பது போல. ஸ்கேன் எடுக்காவிட்டால் ஆயுசுக்கும் தெரிந்திருக்காது. தலைவலிக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது.

அப்பா நீளமாக மூச்சு விட்டார். பிறகு, "அப்பறம் எதுக்குங்க புள்ளைக்கு வலிக்குது?" என்றார்.

"வலி படத்துல தெரியாதுங்க. இது ஒற்றைத் தலைவலி. குடும்பத்துல வரும். உங்க வீட்டுல யாருக்காவது இருக்கா?"

"எங்க ஊட்டுல யாருக்கும் இல்லீங்க."

"எனக்கு இருக்குதுங்க" என்றார் அம்மா.

 எப்போதிலிருந்து என்று டாக்டரம்மா கேட்டார்.

"எட்டாவது படிக்கறப்ப இருந்துங்க. மாசத்துல நாலஞ்சு நாள் வரும்."

"வந்தா என்ன பண்ணுவீங்க?"

"என்னங்க பண்றது. சோறாக்கிப்போட்டு, பாத்தரம் கழுவிப்போட்டு, அப்பறமா கொஞ்ச நேரம் செவுத்துல சாஞ்சுக்குவனுங்க."

அப்பா நாற்காலியோடு திரும்பினார். "ஏம்புள்ள, எங்கிட்ட ஒரு நாளும் சொன்னதில்லையே?"

"தலவலிதானுங்களே" என்றார் அம்மா, தரையைப் பார்த்துக்கொண்டு.

எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது. எனக்கென்றே வந்த நோய் என்று நினைத்திருந்தேன். அதுவும் அம்மா பயன்படுத்திவிட்டுக் கொடுத்ததுதான் போலிருக்கிறது. அம்மாவுக்கும் மண்டையைப் படம் எடுப்பீர்களா என்று கேட்டேன். வேண்டியதில்லை என்று சொல்லி டாக்டரம்மா தனியாக இன்னொரு சீட்டு எழுதினார். நேரத்துக்குச் சாப்பிட வேண்டும், நேரத்துக்குத் தூங்க வேண்டும், வலி வரும்போது வெளிச்சமும் சத்தமும் இல்லாமல் படுக்க வேண்டும் என்று எனக்குச் சொன்னதையே அம்மாவுக்கும் சொன்னார். எனக்கு வலி வந்த நாட்களை ஒரு நோட்டில் குறித்துவரச் சொன்னார்; அது எனக்கு மிகவும் பிடித்த வீட்டுப்பாடமாகிவிட்டது.

ஒன்றிரண்டு மாதம் கழித்து, ஒரு வியாழக்கிழமை, பள்ளிக்கூடத்தில் தண்ணீர் வரவில்லை என்று மத்தியானமே விட்டுவிட்டார்கள். வீட்டுக்கு வந்தால் பட்டறையில் சத்தமே இல்லை. பாதி கடைந்த ஷாஃப்ட் லேத்தில் அப்படியே நின்றது. அப்பா சும்மா ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். வேலை நேரத்தில் அவர் சும்மா இருந்து நான் பார்த்ததில்லை.

"என்னாச்சுங்கப்பா?"

"மெல்லப் பேசு கண்ணு. கரண்ட் இல்ல."

உள்ளே போனேன். ஜன்னலுக்குப் போர்வை கட்டி அறையை இருட்டாக்கியிருந்தார்கள். அம்மா நெற்றியில் ஈரத்துணியோடு தூங்கிக்கொண்டிருந்தார். தலைக்கு மேலே மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது.

வாசற்படியில் உட்கார்ந்து நான் இதைத் தீவிரமாக யோசித்தேன். பட்டறைக்கு வேறு லைன், வீட்டுக்கு வேறு லைன் என்று அப்பா முன்பு சொன்னது ஞாபகம் வந்தது. பட்டறை லைனில் மட்டும் கரண்ட் போயிருக்கிறது! ஓடிப்போய் அவர் காதில் என் கண்டுபிடிப்பைச் சொன்னேன். "ஆமா கண்ணு, அப்படித்தானாட்ட இருக்குது" என்றார்.

நாலு மணிக்கு அம்மா எழுந்து முகம் கழுவினார். சரியாக அந்த நேரம் பார்த்துப் பட்டறைக்கும் கரண்ட் வந்துவிட்டது.