கருத்ததெல்லாம் எனக்கு

அப்பாவின் முப்பதாம் நாள் பூசைக்கு வந்தவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே அண்ணன் அப்பாவின் காசுகளைப் பங்கு பிரித்தார். அப்பா திண்டுக்கல்லில் ஒரு புகையிலைக் கிட்டங்கியில் கணக்கு எழுதியவர். நகைக்கடைகளுக்கு உருக்க வரும் பழைய வெள்ளி ரூபாய்களை எடைக்கு வாங்கிச் சேர்த்து வைத்திருந்தார். எல்லாம் வெள்ளைக்காரன் காலத்து ராணி தலை, ராஜா தலை ரூபாய்கள். கொஞ்சம் செப்புக் காசுகளும் உண்டு.

அண்ணன் கூடத்தில் பேப்பரை விரித்து அத்தனையையும் கொட்டினார். பளபளப்பாக இருந்ததைத் தன் பக்கம் ஒதுக்கிக்கொண்டார். கருத்துக் கிடந்ததை என் பக்கம் தள்ளினார். நான் ஒரே ஒரு ரூபாயைக் கேட்டேன். ராணி தலை போட்டது. விளிம்பைச் சுற்றி மயில் கழுத்து நீலம், உள்ளே வரவரத் தேன் நிறம். அப்பா அதை மட்டும் தனியாக ஒரு காகித உறையில் போட்டு வைத்திருந்தார். அந்த உறைக்குள் பல வருடம் கிடந்து ஏறிய நிறம் அது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அண்ணன் அதை எடுத்துப் பார்த்தார். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "ஒனக்கு எதுக்கும்மா இது? புள்ளயா குட்டியா? ஒனக்குப் பின்னால யாருக்குக் குடுக்கப் போற?"

பந்தியில் யாரோ சிரித்தார்கள். எனக்கு அப்போது நாற்பது தாண்டியிருந்தது. கல்யாணம் ஆகவில்லை. அப்பா படுக்கையில் கிடந்த காலம் முழுக்க அவருக்குப் பீ மூத்திரம் அள்ளிப்போட்டது நான். அண்ணன் எப்போதாவது ஆரஞ்சுப் பழத்தோடு வந்து, நின்றபடியே விசாரித்துவிட்டுப் போவார். இதையெல்லாம் அங்கேயே சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் சொன்னால் அழுதுவிடுவேன் என்று தெரிந்தது, அந்தக் கூட்டத்தின் முன்னால் அழ எனக்கு மனதில்லை. கருத்த காசுகளைக் கைப்பையில் அள்ளிப் போட்டுக்கொண்டு என் வாடகை வீட்டுக்கு வந்துவிட்டேன்.

வேடசந்தூர் பக்கம் ஒரு நூற்பாலையில், தரம் பார்க்கும் பிரிவில் எனக்கு வேலை. கருப்புப் பலகையில் நூலைச் சுற்றி, வெளிச்சத்தில் சாய்த்து, முடிச்சும் திரளும் பார்த்துத் தரம் போட வேண்டும். அதனால் எந்தப் பொருளைக் கண்டாலும் சாய்த்துப் பார்க்கிற பழக்கம் எனக்கு உண்டு. என்னிடம் தள்ளிவிட்டது எவ்வளவு பெரிய குப்பை என்று தெரிந்துகொள்ளத்தான் மதுரையில் காசு சேகரிப்பவர்கள் கூடும் இடத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் என் காசுகளை விளக்கடியில் ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தார். பிறகு, "இதைத் தண்ணியில கூட நனச்சிராதீங்கம்மா. யாரும் இதக் கழுவல. அதுதான் இதோட அழகே" என்றார்.

அவர்தான் விளக்கிச் சொன்னார். ராணியின் கன்னமும் காதோர முடியும் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்த்துத் தரம் போடுவார்களாம். ஆனால் ஒரே தரத்தில் இரண்டு காசு இருந்தால், கண்ணை இழுப்பது ஒன்றாகத்தான் இருக்குமாம். அச்சடித்த அன்று இருந்த மினுமினுப்பு, காசைச் சாய்த்தால் சக்கரம் மாதிரி சுற்றி வரும். அதன் மேல் காலம் பூசிய நிறம் கெடாமல் இருந்தால் இன்னும் விசேஷம். ஒரு தடவை தேய்த்துக் கழுவிவிட்டால் போச்சு. மயிரிழைக் கீறல்களும் செத்த வெளுப்பும்தான் மிஞ்சும். கழுவின காசுக்கு நல்ல தரமே போட மாட்டார்கள்.

அந்த வருடக் கிறிஸ்மஸுக்கு முந்தின நாள் அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவருக்கு நாகல் நகரில் பெயிண்ட் கடை. புது வீடு கட்டியிருந்தார். கூடத்தில் மாட்டுவதற்குச் சிவப்பு வெல்வெட் ஒட்டி, கண்ணாடிச் சட்டம் ஒன்று செய்து வைத்திருந்தார். அடுப்படித் தொட்டியில் பல்பொடியும் எலுமிச்சையும் போட்டுப் பழைய பிரஷ்ஷால் காசுகளைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் கேட்ட ராணி ரூபாய் இன்னும் தேய்க்காத குவியலில் மேலாகக் கிடந்தது.

கழுவாதீங்கண்ணே என்று ஒரு வார்த்தை போதும். அந்த வார்த்தையோடுதான் வாசலில் செருப்பைக் கழற்றினேன் என்றுகூடச் சொல்லலாம். ஆனால் அண்ணன் திரும்பிப் பார்த்து, "ஓம் பங்கையும் கொண்டாந்திருக்கலாம்ல? கரிச்சட்டி மாதிரி கெடக்குமே" என்று சிரித்தார். பந்தியில் யாரோ சிரித்தது மறுபடி காதில் கேட்டது.

அவர் ராணி ரூபாயை எடுத்தார். நீலம் முதலில் போனது. தேன் நிறம் லேசில் போகவில்லை.

"விளிம்புல இன்னும் இருக்குண்ணே. நல்லா அழுத்தித் தேய்ங்க" என்றேன்.

பல்பொடி டப்பாவையும் நானே எடுத்துக் கொடுத்தேன். அந்தக் காசைப் பார்க்கப் பாவமாக இருந்தது நிஜம். அண்ணன் முகத்தைப் பார்த்ததும் அது போய்விட்டது. அதற்குப் பிறகு ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் போனேன். ஒவ்வொரு முறையும் சட்டத்தைக் கழற்றிக் காசுகளைத் தேய்ப்பார். "கண்ணாடி மாதிரி இருக்குண்ணே" என்பேன். மதினி எனக்குக் கறிக்குழம்பு ஊற்றுவார். எனக்கு அது தேனாக இறங்கும்.

போன வருடம் திண்டுக்கல்லில் ஒரு கல்யாண மண்டபத்தில் பழங்காசுக் கண்காட்சி வைத்தார்கள். நான் கலந்துகொள்வதாக மதினியிடம் சொன்னேன். சொன்னால் அண்ணன் காதுக்குப் போகும், போனால் அவர் சும்மா இருக்க மாட்டார் என்று கணக்குப் போட்டுத்தான் சொன்னேன். அப்படியே நடந்தது. வெள்ளைச் சட்டை போட்டு, சட்டத்தைத் தூக்கிக்கொண்டு, உறவுக்காரர்கள் நாலு பேரோடு வந்தார். என் மேசைக்குப் பக்கத்து மேசை.

தரம் பார்க்க வந்தவர்கள் என் மேசையில் குனிந்தவர்கள் செத்த நேரத்துக்கு நிமிரவில்லை. ஒருவர் இன்னொருவரைக் கூப்பிட்டுக் காட்டினார். பிறகு அண்ணனிடம் போனார்கள். ராணி ரூபாயை ஒருவர் சாய்த்தார், திருப்பினார், திரும்ப வைத்தார்.

"எல்லாம் கழுவின காசு சார். இந்த ராணியக் கழுவாம விட்டிருந்தா, இந்த மண்டபத்துலயே இதுதான் மொதல்ல நின்னிருக்கும்."

உறவுக்காரர்கள் மேலே ஃபேனைப் பார்த்தார்கள். அண்ணன் என்னிடம் வந்தார். குரல் தணிந்திருந்தது.

"கழுவக் கூடாதுன்னு ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும்ணே."

"எப்ப இருந்து?"

"நீங்க மொதத் தடவ தேய்ச்சீங்கள்ல, அதுக்கு முன்னாலருந்து."

அவர் தன் மேசையைத் திரும்பிப் பார்த்தார். முகம் சுருங்கிப் போயிருந்தது, திடீரென்று அப்பா வயதாகத் தெரிந்தார். எனக்கு இரக்கம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. பந்தியில் சிரித்தவர் யாரென்று இத்தனை வருடமாக எனக்குத் தெரியாது. அவர் அந்த நாலு பேரில் ஒருவராக இருக்க வேண்டும் என்று மட்டும் ஆசைப்பட்டேன்.

இரண்டு வாரம் கழித்து மதினி போன் செய்தார். அண்ணன் சரியாகச் சாப்பிடுவதில்லை, சட்டத்தைப் பரணில் போட்டுவிட்டார், யாரிடமும் பேசுவதில்லை என்றார். "நீ ஒரு வார்த்த சொல்லியிருந்தா என்னம்மா கொறஞ்சிருக்கும்?" என்று அழுதார்.

மதினி மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. அதனால் உண்மையைச் சொன்னேன்: "சொல்ல எனக்குப் பிடிக்கல மதினி."

இந்தக் கிறிஸ்மஸுக்கு அவர்கள் என்னைக் கூப்பிடவில்லை. காலைப் பூசைக்குப் போய்விட்டு வரும் வழியில் கறி எடுத்து வந்து, நானே சமைத்து, நிதானமாக உட்கார்ந்து சாப்பிட்டேன்.