தலை வராத காட்டெருமை

நான் பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்த வருடம்தான் எங்கள் பள்ளிக்கு இரண்டு கம்ப்யூட்டர்கள் வந்தன. தொண்ணூறுகளின் தொடக்கம். கொட்டச்சேட்டிலிருந்து தினமும் காலை பஸ்ஸில் ஏற்காடு டவுனுக்கு வந்து படித்துக்கொண்டிருந்தேன். அப்பா எங்கள் ஊர்ப்பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில், பழத்தின் தோலை உரிக்கும் மெஷினையும் அதை ஓட்டும் டீசல் இன்ஜினையும் பார்த்துக்கொண்டிருந்தார். சத்தத்தைத் தூரத்தில் கேட்டே இன்ஜினில் எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவார். பள்ளிக்குப் புது மெஷின் வந்திருக்கிறது என்றதும் என்னைவிட அவருக்குத்தான் ஆர்வம் அதிகம். அது என்ன வேலை செய்யும் என்று கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

சொல்லித்தர வேண்டிய கணக்கு சாருக்கும் அப்போது அதிகம் தெரியாது. சேலத்தில் பத்து நாள் பயிற்சி எடுத்து வந்திருந்தார். புத்தகத்தில் எங்களைவிட ஒரு பாடம் முன்னால் இருந்தார், அவ்வளவுதான். பதில் தெரியாத கேள்வி வந்தால் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைப்பார். துடைத்து முடிப்பதற்குள் மணி அடித்துவிட வேண்டும் என்று அவர் நினைப்பது எங்களுக்கே தெரியும்.

வாரத்துக்கு ஒரு முறை, இரண்டு பேருக்குச் சேர்த்து நாற்பது நிமிடம் கிடைக்கும். என்னுடன் சேர்த்துவிடப்பட்டவள் டவுனில் ஒண்டிக்கடை முக்கில் பேக்கரி வைத்திருந்தவரின் மகள். அவள் டைப்ரைட்டிங் லோயர் பாஸ் செய்திருந்தாள். எனக்கோ ஒவ்வொரு எழுத்தையும் தேடித்தான் அமுக்க வரும். அதனால் யோசிப்பது நான், அடிப்பது அவள் என்று ஆகிவிட்டது. கோடு போடவும் வட்டம் போடவும் கட்டளைகள் இருக்கின்றன என்று படித்த நாளிலிருந்து எனக்குப் படம் வரையும் பைத்தியம் பிடித்துக்கொண்டது. எங்கள் எஸ்டேட்டில் அடிக்கடி வந்து நிற்கும் காட்டெருமையை கிராஃப் தாளில் வரைந்தேன். ஒவ்வொரு புள்ளிக்கும் எண் குறித்து, பின்னங்கால்களில் தொடங்கிக் கொம்பு வரைக்கும் நூற்றறுபது வரிகள் எழுதினேன். அவள் மூன்று வாரம் உட்கார்ந்து அடித்தாள்.

ஓடவிட்டபோது காட்டெருமை நான்கு கால்களையும் மேலே தூக்கிக்கொண்டு தோன்றியது.

"என்ன புள்ள, உன்ற மாடு மல்லாந்து கெடக்குது" என்றாள் அவள்.

சாரைக் கூப்பிட்டோம். பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். பிறகு ஒரு வாரம் நானே மண்டையை உடைத்துக்கொண்டேன். கணக்கு நோட்டில் பூஜ்ஜியம் கீழே இருக்கும், கம்ப்யூட்டர் திரையில் பூஜ்ஜியம் மேலே இருக்கிறது என்பது ஒரு நாள் பஸ்ஸில் வரும்போது புரிந்தது. எல்லா எண்களையும் மாற்றினேன். அடுத்த முறை அது காலூன்றி நின்றது. பச்சைத் திரையில், கொம்பும் திமிலுமாக. நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டே இருந்தோம்.

ஜனவரியில் பள்ளியில் கண்காட்சி வைத்தார்கள். காட்டெருமையைத்தான் காட்டப்போவதாக சார் சொன்னார். அப்பாவிடம் சொன்னேன். காப்பிப் பழம் குவியும் மாதம், இன்ஜினை விட்டு நகர முடியாது. ஆனாலும் மத்தியானம் டவுனுக்கு வந்து திரும்பும் எஸ்டேட் ஜீப்பில் வருவதாகச் சொன்னார். அதுவரை அவர் என் பள்ளிக்குள் கால் வைத்ததில்லை.

காலையில் எல்லாம் சரியாக நடந்தது. வந்தவர்களெல்லாம் காட்டெருமையைப் பார்த்தார்கள். அப்பா சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வருவதற்குக் கொஞ்சம் முன்புதான் வோல்டேஜ் விழுந்தது. ஸ்டெபிலைசர் டக்கென்று அடித்து நின்றது. திரை கறுத்தது.

கால் மணி நேரத்தில் கரண்ட் வந்துவிட்டது. ஆனால் காட்டெருமையைப் பதிந்து வைத்திருந்த ஃப்ளாப்பியைப் போட்டால் உள்ளே கரகரவென்று சத்தம் வந்து, படிக்க முடியவில்லை என்று திரையில் எழுத்து வந்தது. சார் அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். டிசம்பர் மழை ஈரத்தில் காளான் பூத்திருந்தது, வெள்ளை வெள்ளைப் புள்ளியாக. காலையில் எப்படியோ ஒரு தடவை படித்திருக்கிறது. பஞ்சால் துடைத்துப் பார்த்தோம். திரும்பவும் அதே எழுத்து. இன்னொரு நகல் இருந்த ஃப்ளாப்பியில் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை ஏற்றிவிட்டதாக சார் மெதுவாகச் சொன்னார்.

அப்பா மெஷினுக்குப் பக்கத்தில் வந்து குனிந்தார். காதைக் கொண்டுபோய்க் கேட்டார். கை ஒரு தடவை முன்னால் போய், எங்கே வைப்பது என்று தெரியாமல் திரும்பி வந்தது.

"ஏனுங்க சார், நாம ஒண்ணும் பண்ண முடியாதுங்களா?" என்றார்.

சார் முடியாது என்று தலையை ஆட்டினார்.

நோட்டை வைத்துத் திரும்ப அடிக்கலாம் என்று ஆரம்பித்தோம். நான் எண்களை வாசித்தேன், அவள் அடித்தாள். அவள் விரல் எவ்வளவு வேகமாகப் போனாலும் எனக்குப் போதவில்லை. அப்பா சுவரோரம் கைகட்டி நின்றிருந்தார். மூன்று மணிக்கு வெளியே ஜீப் ஹாரன் அடித்தது. நாங்கள் அறுபதாவது வரியில் இருந்தோம். இருந்தவரைக்கும் ஓடவிட்டேன். நான்கு கால்களும் வயிற்றுக் கோடும் வந்து நின்றன. அதற்கு மேல் ஒன்றுமில்லை.

அப்பா வெகுநேரம் பார்த்தார்.

"இத நீதான் போட்டயா கண்ணு?"

"ஆமாங்கப்பா. இன்னும் தலை வரலீங்க."

"நொம்ப நல்லாத்தான் இருக்குது சாமி" என்றார். மறுபடியும் ஹாரன் அடித்தது. செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அவர் சொன்னது பொய் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். இவள் இத்தனை மாதம் இதைத்தான் செய்தாளா என்று ஜீப்பில் போகும்போது நினைத்திருப்பாரோ என்று அன்று முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்குப் போனபோது அவர் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து முழுவதையும் அடித்து முடித்தோம். ஆனால் அப்போது எஸ்டேட்டில் இரண்டு ஷிஃப்ட் ஓடியது, அப்பாவால் வர முடியவில்லை. கோடை விடுமுறைக்குப் பின் இரண்டு மெஷின்களில் ஒன்று உயிர்விட்டது. பன்னிரண்டாம் வகுப்புப் பாதியில் மற்றொன்றும் போனது. இரண்டையும் பழுது பார்க்கச் சேலத்துக்கு அனுப்பினார்கள். இன்று வரும் நாளை வரும் என்றார்கள். நாங்கள் பள்ளியை விட்டுப் போகும்வரை வரவில்லை.

செய்முறைத் தேர்வு மட்டும் குறித்த நாளில் வந்தது. வெளிப்பள்ளியிலிருந்து வந்த தேர்வாளர் காலி மேசைகளைப் பார்த்தார். சார் அவரை ஓரமாகக் கூட்டிப்போய் ஏதோ விளக்கினார். கடைசியில், புரோகிராமையும் அது திரையில் காட்டக்கூடியதையும் தாளிலேயே எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். எனக்கு வந்த கேள்வி, ஒரு வீடு வரைவது. எழுதினேன். ஸ்கேல் வைத்துத் திரை மாதிரி ஒரு கட்டம் போட்டு, அதற்குள் கூரையும் கதவும் ஜன்னலுமாக வீட்டை வரைந்தேன்.

தேர்வாளர் வாங்கிப் பார்த்தார். "இது ஓடுமாம்மா?" என்றார்.

"ஓடுங்க சார்" என்றேன்.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் கூரைக்கு எழுதிய வரியில் ஒரு அடைப்புக்குறியை விட்டுவிட்டது ஞாபகத்துக்கு வந்தது. மெஷின் இருந்திருந்தால் அந்த இடத்திலேயே நின்று பிழை என்று சொல்லியிருக்கும். திரும்பிப் போய்ச் சொல்லலாமா என்று நினைத்தேன். பஸ் வந்துவிட்டது. அந்தத் தேர்வில் எனக்கு முழு மதிப்பெண் போட்டிருந்தார்கள்.