நான் கலைத்த கூட்டம்

ஒரு மனிதனின் கை முறிந்ததற்கு நான் காரணம். முறித்தது போலீஸ். வழிவிட்டவன் நான்.

தாலுகா அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எந்த மனு எந்த மேசைக்குப் போகும், எந்த மேசையில் உறங்கும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. அந்தப் பெருமையில்தான் இது நடந்தது.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய ஆண்டுகள் அவை. விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில், ஒரு பட்டறையில் திருட்டு. அங்கே பொம்மை வார்க்கும் குமாரை விசாரணைக்கென்று அழைத்துப் போனார்கள். இரண்டு நாளாகியும் வழக்கும் இல்லை, மாஜிஸ்திரேட்டும் இல்லை. மூன்றாம் நாள் காலை, எரிகிற சூளையை அப்படியே விட்டுவிட்டுத் தொழிலாளர்கள் ஸ்டேஷன் வாசலில் வந்து உட்கார்ந்தார்கள். கவனிக்க ஆளில்லாத சூளையில் அடுக்கியது அத்தனையும் பாழ். தெரிந்தேதான் வந்தார்கள்.

குமாரின் மனைவி வசந்தா எங்கள் தெருக்காரி. "நீங்க சட்டம் தெரிஞ்சவங்க. உள்ள போயி கேளுங்க சார்" என்றாள்.

போனேன். இன்ஸ்பெக்டர் நாற்காலி போட்டார். டீ வரவழைத்தார். ஓய்வுக்குப் பிறகு எந்த அலுவலகத்திலும் எனக்கு யாரும் நாற்காலி போட்டதில்லை...

"சாயங்காலம் வரைக்கும் இவங்க உக்காந்திருந்தா அவன வுட்டுத்தான் ஆவணும் சார். மேலருந்து போன் மேல போன். நீங்க சொன்னா எழுந்துடுவாங்க" என்றார் மெதுவாக.

கேட்டீர்களா? இதைத் தெரிந்துகொண்டுதான் வெளியே வந்தேன். எழுந்திருக்காதீர்கள் என்று ஒரு வார்த்தை போதும். நான் சொன்னது வேறு: "முறைப்படி கலெக்டருக்கு மனு கொடுப்போம். சூளை வீணாவுது, போங்க."

வர்ணம் பூசும் அஞ்சலை கேட்டாள்: "மனு போயி சேர்ற வரைக்கும் அடிக்காம இருப்பாங்களா சார்?"

"சார் எழுதுனா கலெக்டரே சைக்கிள்ல வருவாரு" என்றான் ஒருவன். சிரித்தார்கள்.

"சும்மா இருங்க. சார் சொன்னா சரியா இருக்கும்" என்று அவர்களை அடக்கியவள் வசந்தா.

எழுந்து போனார்கள்.

அந்த மனு விசாரணைக்காக அதே ஸ்டேஷனுக்குத்தான் இறங்கி வரும். அப்படி எத்தனை மனுக்களை நானே கீழே தள்ளியிருக்கிறேன்! பயந்தேனா? பயமென்றால்கூடப் பரவாயில்லை. வாசலில் உட்காரும் கூட்டம் என்றாலே பணிக்காலம் முழுதும் எனக்கு எரிச்சல். ஓய்வு பெற்ற பிறகும் நான் நாற்காலியின் பக்கமே நின்றேன்.

மறுநாள் குமாரை விட்டார்கள். வலது மணிக்கட்டு முறிந்திருந்தது. வழுக்கி விழுந்தானாம்.

கலெக்டருக்கு நான் எழுதிக் கொடுத்த மனுவுக்குப் பல மாதம் கழித்துப் பதில் வந்தது: புகாரில் உண்மையில்லை. விசாரித்தவர் அதே இன்ஸ்பெக்டர். வசந்தா கொண்டுவந்து நீட்ட, படித்துச் சொன்னேன்.

"அன்னிக்கு நாங்க எழுந்திருக்காம இருந்திருந்தா வுட்டிருப்பாங்களா சார்?"

"அத எப்படிம்மா சொல்ல முடியும்" என்றேன்.

தலையாட்டினாள். "இதுக்கு மேல யாருக்கு சார் மனு போடணும்? பேப்பர் வாங்கியாரவா?"

வாங்கி வரச் சொன்னேன்.