அயர்னிங் செக்‌ஷன் மேல் போட்ட பழி

ஓடிக்கொண்டிருந்த ஒரு பனியன் கம்பெனியின் அயர்னிங் மேஜைகளை ஒரு மத்தியானம் முழுக்க நிறுத்தி வைத்தவன் நான். இன்டர்நெட் வேகத்தை அவைதான் உறிஞ்சுகின்றன என்று நம்பினேன். நம்பியதோடு நிற்காமல், நோட்டில் கட்டம் போட்டு நிரூபிக்கவும் செய்தேன்.

பிராட்பேண்ட் எங்கள் கம்பெனிக்கு வந்த புதிது. என் வேலை குவாலிட்டி கண்ட்ரோல். இங்கிலீஷ் புத்தகம் படிப்பவன் என்ற ஒரே தகுதியில் கம்ப்யூட்டரும் என் தலையில் விழுந்தது. குழந்தைகள் டி-ஷர்ட்டுக்கான பிரிண்ட் டிசைன்கள் ஐரோப்பாவில் எங்கள் சரக்கை வாங்கும் பையரின் டிசைனர் அம்மாளுக்குப் போக வேண்டும். மெயிலில் அடங்காத கனம். அதனால் அவர் சொன்ன ஒரு ஃபைல் ஷேரிங் சாஃப்ட்வேரைப் போட்டோம். இங்கே நம் கம்ப்யூட்டரும் அங்கே அவருடையதும் ஒரே நேரத்தில் விழித்திருந்தால் ஃபைல் நேராகப் போகும். அவர் ஆபீசுக்கு வரும்போது நமக்கு மத்தியானம். நடுவில் லைன் அறுந்தால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். வெள்ளிக்கிழமை அவருக்கு மீட்டிங். அதற்குள் டிசைன் போய்ச் சேராவிட்டால் அந்த சீசன் ஆர்டர் நமக்கில்லை.

திங்கட்கிழமை அனுப்பத் தொடங்கினேன். வேகம் விநாடிக்கு முப்பது கேபி என்று காட்டியது. சாஃப்ட்வேர் தன்னைப் பற்றித் தானே சொல்லும் கணக்கை நான் நம்பவில்லை. எங்கள் தொழிலில் கம்பெனிக்காரன் கொடுக்கும் ரிப்போர்ட்டை எந்த பையரும் நம்புவதில்லை. வெளியிலிருந்து இன்ஸ்பெக்டர் வந்து பார்த்தால்தான் சரக்கு ஏறும். அதனால் நானும் வெளி இன்ஸ்பெக்டர் வைத்தேன். வேகத்தை அளந்து சொல்லும் வெப்சைட் ஒன்று. அதைச் சரிபார்க்க இன்னொன்று. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டையும் ஓட்டி நோட்டில் எழுதினேன். முப்பது இருபதாகி, இரண்டாகி, மறுபடி இருபத்தெட்டாகி, கடைசியில் லைனே அறுந்தது.

செவ்வாய்க்கிழமை மறுபடி அனுப்பிக்கொண்டிருக்கையில், பக்கத்து அறையில் அயர்ன் பாக்ஸ்கள் சூடாகும்போது என் டியூப்லைட் மங்குவதைக் கவனித்தேன். குற்றவாளி அகப்பட்டான். போய் எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னேன். திருநெல்வேலிக்காரரான அயர்னிங் மாஸ்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏன் சார், நான் காலர மடிச்சுத் தேய்க்கதுக்கும் உங்க வெள்ளக்காரிக்கும் என்ன சம்பந்தம்?"

திருட்டுத்தனமாகப் போட்டுவிடுவார்களோ என்று அரைமணி நேரம் அங்கேயே நின்று காவல் காத்தேன். திரும்பி வந்து பார்த்தால், அந்த அரைமணி நேரமும் சாஃப்ட்வேர் வரைந்த வேகக் கோடு இறங்காமல் மேலேயே படுத்திருந்தது. இதைவிட என்ன சாட்சி வேண்டும்? முதலாளியிடம் நோட்டைக் காட்டினேன். புதன்கிழமை மத்தியானம் அயர்னிங்குக்கு ஓய்வு என்று உத்தரவாயிற்று.

புதன்கிழமை ஒரு அயர்ன் பாக்ஸும் சூடாகவில்லை. நான் நோட்டோடு உட்கார்ந்தேன். வேகம் ஏறியது, விழுந்தது, ஏறியது, இரண்டுமுறை அறுந்தது. ஒன்றும் புரியவில்லை. கேன்டீன் மிக்ஸியைச் சந்தேகப்பட்டேன். போன் வயரில் உட்கார்ந்திருந்த காக்கையை விரட்டினேன். மோடத்தை ஈசான மூலைக்கு மாற்றினேன்; இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. வேகம் விழ விழ அடிக்கடி அளந்தேன். அளக்க அளக்க அது விழுந்தது. வாசலில் கைகட்டி நின்ற மாஸ்டர் கேட்டார்: "இனி எதை சார் நிறுத்தணும்? மூச்சையா?"

வியாழக்கிழமை கடைசி நாள். அன்றைக்கென்று ஊத்துக்குளியில் முதலாளியின் சொந்தக்காரர் வீட்டுப் புதுமனை விருந்து. அனுப்புவதைத் தொடங்கிவிட்டு நாற்காலியை விட மறுத்தேன். முதலாளி விடவில்லை.

"ஏனுங்க சார், நீங்க பக்கத்துல உக்காந்திருந்தா மட்டும் அது வெரசாப் போயிருமாங்க? வாங்க, சாப்டுட்டு வந்தரலாம்."

காரில் ஏறும்போதே அயர்னிங் செக்‌ஷனிலிருந்து ஆவி புகைந்துகொண்டிருந்தது. நேற்று தேங்கிய பீஸ்களையும் சேர்த்துத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். ஆர்டர் கைவிட்டுப் போயிற்று என்றே முடிவுகட்டினேன். இலையில் நெய் விட்டதுகூட எனக்கு ஞாபகமில்லை.

திரும்பி வந்தால் ஃபைல் முழுசும் போயிருந்தது. கிடைத்தது, நன்றி என்று அந்த அம்மாளின் ஒருவரி மெயில். சந்தோஷத்தைவிடக் குழப்பம்தான் பெரிதாக இருந்தது. எல்லா அயர்ன் பாக்ஸும் ஓடும்போது எப்படிப் போயிற்று? மிச்சமிருந்த ஒரு சின்ன ஃபைலை அனுப்பிப் பார்த்தேன். வேகம் முப்பதிலேயே நின்றது. பழக்கதோஷத்தில் வெப்சைட்டைத் திறந்து அளக்கச் சொன்னேன். கண்ணெதிரே இரண்டுக்கு இறங்கியது. மூடினேன்; ஏறியது. நம்ப மனமில்லாமல் இன்னும் மூன்றுமுறை செய்தேன். இருந்த ஒல்லி லைனில் அளவெடுக்கிறேன் என்று நானே இரண்டு லாரிகளைக் குறுக்கே நிறுத்தியிருக்கிறேன்.

பனியன் கழுத்தைச் சுற்றித் தைக்கும் ரிப் பட்டியை இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு, தொளதொளத்த பிறகு 'லூஸ்' என்று பீஸை ஒதுக்கும் செக்கிங் பெண்களை எத்தனை தடவை திட்டியிருப்பேன்!

மாஸ்டரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் அடுத்த பீஸை மேஜையில் விரித்தார். பிறகு முதலாளியிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். பொறுமையாகக் கேட்டார்.

"பரவால்ல உடுங்க சார். அடுத்தவாட்டி அனுப்பறப்ப முன்னாலயே சொல்லிப்போடுங்க. எங்கீன விருந்து இருக்குதுன்னு பாத்து, உங்களக் கூட்டீட்டுப் போயர்றனுங்க."